தலை சாயும் பக்கம்

புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர் தள்ளி, சித்தன்னவாசல் மலையின் கிழக்குச் சரிவில் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளம் இருக்கிறது. கீழே அறிவர் கோயிலில் தாமரைக்குளத்து ஓவியத்தைப் பார்த்துவிட்டு அப்படியே ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். வெயிலுக்குப் பயந்து மேலே ஏறமாட்டார்கள். ஏறிப் போனால், மலையின் மறுபுறம் பாறையில் வெட்டியிருக்கும் குழிகளில் கால் பதித்து நடந்து, தாழ்வான அந்தக் குகைக்குள் குனிந்து நுழைய வேண்டும். உள்ளே 17 கற்படுக்கைகள். சமண முனிவர்கள் தங்கி நோன்பிருந்த இடம். வழவழப்பாக இழைத்த படுக்கைகளின் தலைமாட்டில், தலை வைப்பதற்கென்று கல்லையே சற்று மேடாக விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். இருப்பதிலேயே பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்தில், யாருக்காக யார் செய்து கொடுத்தார் என்று வெட்டியிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய எழுத்து.

அன்னவாசல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவது என் வழக்கம். போகும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை அந்தக் கல்மேட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல எப்படி டீச்சர் தூக்கம் வரும்?" என்று கேட்கும். நான் அவர்களைத் திருப்பிக் கேட்பேன்: வீட்டை விட்டவர்கள், பாயை விட்டவர்கள், சோற்றையே அளந்து தின்றவர்கள், அவர்களுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர் ஏன் தலைமாட்டை மட்டும் உயர்த்த வேண்டும்? மட்டமாகவே விட்டிருந்தால் கல்தச்சருக்கு வேலை மிச்சம்தானே?

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பட்டென்று சொன்னாள், "கழுத்து வலிக்கும்ல டீச்சர்."

அவ்வளவுதான் விஷயம். எல்லாவற்றையும் துறந்தவருக்கும் கழுத்துக்கு ஒரு முட்டு வேண்டியிருந்தது. பழைய எகிப்தில் மரத்திலும் கல்லிலும் தந்தத்திலும் தலைதாங்கிகள் செய்து அதில் தலைவைத்துத் தூங்கினார்கள். 1922இல் திறந்த துத்தன்காமுன் கல்லறைக்குள்கூட அரசருக்கென்று தந்தத் தலைதாங்கி வைத்திருந்தார்கள். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் மரத் தலைதாங்கி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இவற்றில் எதுவும் மெத்தென்று இருந்ததில்லை. மெத்தென்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எப்போது வந்தது என்று யோசித்தால், என் வீட்டுக்குள்ளேயே அதற்கு மூன்று தலைமுறைக் கதை இருக்கிறது.

எங்கள் அய்யா, அப்பாவைப் பெற்றவர், அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிங்கப்பூர் போய்வந்தவர். எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் முழுக்க அப்படித்தான். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று எந்த ஊரில் கேட்டாலும் வீட்டுக்கு ஒருவர் கடல் தாண்டியிருப்பார். அய்யா போனது ரஜுலா கப்பலில். 1926இல் கட்டிய கப்பல் அது. எழுபதுகளின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. தளப் பயணிகளாக மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ள ஒரு காலத்தில் அதற்கு அனுமதி இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். ஒரு கையில் தகரப் பெட்டி, மறு கையில் கோரைப்பாயில் சுற்றிக் கயிறு கட்டிய தலையணை. பெட்டி படுக்கை என்று நாம் இன்றும் சேர்த்துச் சொல்கிறோமே, அந்தக் காலத்தில் படுக்கையில்லாமல் பயணமே கிடையாது.

அந்தத் தலையணையைத் தைத்துக் கொடுப்பது அப்பத்தா. நான் சிறுமியாக இருந்தபோதும் வீட்டுக்குத் தலையணை அவர்கள்தான் செய்வார்கள் என்பதால், வேலை முழுவதும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. வெடித்துக் காய்ந்த இலவங்காய்களை முற்றத்தில் போட்டு உடைப்பார்கள். மூக்கையும் வாயையும் முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். பஞ்சு அவ்வளவு லேசு, மூச்சுக் காற்றுக்கே எழும்பிவிடும். கருப்பு விதைகளை ஒவ்வொன்றாக உருவி முறத்தில் போடுவோம். விதை ஒன்று தப்பினாலும் எலி தலையணையைத் தேடி வந்துவிடும் என்பார்கள். பிறகு கோடு போட்ட மெத்தைத் துணியில் பை தைத்து, ஒரு பக்கம் திறந்து வைத்து, பஞ்சைக் கைப்பிடி கைப்பிடியாக உள்ளே தள்ளுவார்கள். மூலைகளுக்கு முதலில். ஒரு சின்ன உருட்டுக்கட்டையால் குத்திக் குத்தி. நிரம்பிவிட்டது என்று நாங்கள் நினைத்த பிறகும் இன்னும் அந்த அளவு பஞ்சு போகும். கடைசியில் வாயைத் தைத்துவிட்டு, முழங்கையை ஊன்றி அழுத்திப் பார்ப்பார்கள். கை உள்ளே இறங்கினால் தையலைப் பிரித்து மறுபடியும் திணிப்பு.

"ஏன் அப்பத்தா, கல்லு மாதிரி இருக்கு" என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில்: "தலைய உள்ள வாங்கிக்கிட்டா அது தலகாணி இல்லடி. தாங்கணும். ஒங்க அய்யா ஏழு நாளு கப்பல்ல கெடக்கணும்ல."

அய்யாவின் தலையணை உறைக்குள் கொஞ்சம் பணமும் வைத்துத் தைத்திருப்பார்களாம். கப்பலில் தலைக்கு அடியில் இருப்பதை எடுக்க எவனுக்கும் துணிச்சல் வராது என்ற கணக்கு.

அந்தக் கப்பல் பயணத்தை நான் உயர்த்திச் சொல்ல வரவில்லை. மழை பெய்தால் நனைந்தார்கள். கடல் புரண்டால் பக்கத்துப் பாயில் வாந்தி எடுத்தார்கள். குடிதண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். ரஜுலாவுக்குப் பிறகு வந்த எம்.வி. சிதம்பரத்தில் அடுக்குப் படுக்கைகள் இருந்தன. 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் போயின, அத்தோடு அந்தப் பயணமே முடிந்தது. இத்தனைக்கும் நடுவில் ஒன்றுமட்டும் உண்மை. ஏழை, கூலிக்காரர், முதன்முதலாக ஊரைவிட்டுப் போகிறவர் என்று யாராக இருந்தாலும் ராத்திரியானால் முதுகை நீட்டிப் படுத்தார்கள். இன்றைக்குப் பேரனும் பேத்தியும் நாலு மணி நேரத்தில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய் இறங்குகிறார்கள். அங்கிருந்து அமெரிக்கா போகும் விமானத்தில் ஏறினால் பதினைந்து பதினாறு மணி நேரம். அந்த ராத்திரி முழுக்க அவர்கள் உட்கார்ந்தே தூங்கியாக வேண்டும். நீட்டிப் படுப்பது அங்கே பணக்காரருக்கு மட்டும் உரியது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 18 மணி நேரத்துக்கும் மேல் நிற்காமல் பறக்கும் சேவை 2018இல் மறுபடியும் தொடங்கியது. அப்போது உலகத்தின் மிக நீண்ட விமானப் பயணம் அது. அந்த விமானத்தில் சாதாரண வகுப்பே வைக்கவில்லை. அவ்வளவு நேரம் ஒருவரை அந்த இருக்கையில் உட்கார்த்தி வைக்க முடியாது என்று விமானக் கம்பெனிக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கப்பலுக்கும் விமானத்துக்கும் இடையில் எங்களுக்கு ரயில் வந்தது. மூன்றடுக்குப் பெட்டியில் வெறும் பலகைதான் படுக்கை. மது தண்டவதே ரயில்வே அமைச்சராக இருந்த 1977க்கும் 79க்கும் இடையில்தான் இரண்டாம் வகுப்புப் பலகைகளுக்கு இரண்டு அங்குல ஃபோம் வைத்துத் தைக்கும் வேலை ஆரம்பித்தது. சாமானியர் முதுகைப் பற்றி ஒரு அமைச்சர் யோசித்தார் என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் தலையணை அப்போதும் நம் பொறுப்பு. துண்டை நாலாக மடித்து வைத்துக்கொள்வோம், கைப்பையை வைத்துக்கொள்வோம்.

சென்னைக்குத் திருவள்ளுவர் பஸ்ஸில் போன ராத்திரிகளில் உட்கார்ந்து தூங்கும் பாடம் தொடங்கியது. ஜன்னல் பக்கம் கிடைத்தவர் கம்பியில் துண்டைச் சுற்றிச் சாய்வார். நடுவில் மாட்டியவர் முன்சீட்டுக் கம்பியில் இரண்டு கையையும் மடித்து வைத்து அதன்மேல் நெற்றியை வைப்பார். விழுப்புரம் தாண்டும்போது பார்த்தால் பஸ் முழுக்கத் தலைகள் ஒன்று பக்கவாட்டில், இல்லையென்றால் முன்னால். பின்பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்குகிறவர் அபூர்வம். தூங்கினாலும் வாய் திறந்து, கொஞ்ச நேரத்தில் தலை உருண்டு பக்கத்து ஆளின் தோளுக்கு வந்துவிடும். கழுத்துத் தலையணை வாங்கப் போகிற யாரும் முதலில் இதைத்தான் மனதில் வைக்க வேண்டும்: உட்கார்ந்திருக்கும்போது தலை விழுவது பெரும்பாலும் முன்னாலும் பக்கத்திலும்.

காரணம் எளியது. பெரியவர் ஒருவரின் தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். விழித்திருக்கும்வரை கழுத்துத் தசைகள் அதை நிறுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன, நமக்குத் தெரிவதில்லை. உறக்கம் தொடங்கும்போதே பிடி தளர ஆரம்பிக்கிறது. கனவு வரும் கட்டத்தில் கழுத்துத் தசை ஏறக்குறைய முழுவதும் விட்டுக்கொடுத்துவிடும். படுத்திருந்தால் பாதகமில்லை. உட்கார்ந்திருந்தால் ஐந்து கிலோ எடை ஒரு பக்கமாகத் தொங்கும். உடம்பு திடுக்கிட்டு எழுப்பிவிடும். மறுபடி கண்ணசரும், மறுபடி விழும். விடியும்போது ஒரு பக்கக் கழுத்து நரம்பு இழுத்துக் கட்டினாற்போல் இருக்கும். அந்தக் கழுத்தோடு இறங்குகிறவர் யார் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் ஊரிலிருந்து பெண்கள் பலர் மகளுக்கோ மருமகளுக்கோ பிள்ளைப்பேறு பார்க்கத்தான் முதன்முதலாக விமானம் ஏறுகிறார்கள். அறுபது வயதுக்கு மேல், தேய்ந்த கழுத்தெலும்போடு. இறங்கிய மறுநாளே கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைக்க வேண்டும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கட்டட வேலைக்குப் போகிற பையன்கள் மறுநாளே சாரத்தில் ஏற வேண்டியிருக்கும். இவர்களுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் கடையில் தொங்குவதில் கலர் பார்த்து ஒன்றை உருவிக்கொண்டு வருவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

திருச்சி விமான நிலையம் செம்பட்டில், எங்கள் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது. 2024 ஜனவரியில் புது முனையத்தைத் திறந்துவைத்தார்கள். உள்ளே நின்று பார்த்தால் பயணிகளின் முதுகுப் பையில், பெட்டிக் கைப்பிடியில், சிலருக்குக் கழுத்திலேயே அந்தத் தலையணை. நாற்று நடப் போகிற பெண்கள் தலையில் வைக்கும் சும்மாட்டை ஒரு பக்கம் அறுத்துக் கழுத்தில் மாட்டினாற்போல இருக்கும். புதுக்கோட்டை கீழராஜ வீதியிலும் கிடைக்கிறது, ஆன்லைனிலும் கிடைக்கிறது. நூற்றைம்பது ரூபாயிலிருந்து ஆயிரக்கணக்கு வரை விலை.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குறை: பின்கழுத்துப் பக்கம்தான் தடிமன் அதிகம். அந்த இடத்தில் விமான இருக்கையின் சாய்வே ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் மூன்று நாலு அங்குலம் பஞ்சு வைத்தால் அது தலையை முன்னால் தள்ளும். விழப்போகிற பக்கமே தள்ளிவிடுகிற தலையணையை எதற்குக் காசு கொடுத்து வாங்குவது? வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது பின்பக்கத்தை. அது மெல்லிதாக, தட்டையாக இருக்க வேண்டும். தடிமன் இரண்டு பக்கமும் வேண்டும். தோளுக்கும் தாடைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பும் அளவுக்கு வேண்டும். அந்த இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். நீண்ட கழுத்துக்காரருக்கு ஐந்து விரல் உயரம் தேவைப்படும். குட்டைக் கழுத்துக்காரருக்கு அதே தலையணை தாடையை மேலே தூக்கிவிடும். அதனால் வீட்டில் ஒருவருக்குச் சரியாக இருந்தது என்று இன்னொருவர் வாங்கக் கூடாது.

அடுத்தது முன்பக்க வாய். தலை முன்னால் விழுகிறவருக்கு முன்னால் கொக்கியோ பட்டனோ இருந்து இழுத்துப் பூட்டும்படி இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். தடித்த பக்கம் தாடைக்குக் கீழே வரும்படி. நான் பலருக்குச் சொல்லிக்கொடுத்து, இது பலன் தந்திருக்கிறது. விலைகூடியதைத் தேடி ஓட வேண்டாம், கையிலிருப்பதையே திருப்புங்கள் என்பேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். விலை மலிந்தவற்றில் சின்னச் சின்ன தெர்மாகோல் மணிகள். கையில் பிடிக்கச் சுகமாக இருக்கும். தலை சாய்ந்ததும் மணிகள் விலகி ஓடிவிடும், தாங்காது. அப்பத்தா முழங்கையை ஊன்றியிருந்தால் தையலைப் பிரிக்கச் சொல்லியிருப்பார்கள். நடுத்தர விலையில் சாதாரணப் பாலியஸ்டர் பஞ்சு, அது கொஞ்ச நாளில் அமுங்கிப் போகும். விலை கூடியது மெமரி ஃபோம். 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் வேலைக்காக, விமான இருக்கைகளில் மோதலின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் பொருளாக, சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கியது அது. உடம்புச் சூட்டுக்கு இளகி, கழுத்தின் வளைவுக்கு ஏற்ப அமர்ந்து, எடையை எடுத்ததும் மெல்லப் பழைய வடிவத்துக்கு வரும். விமானத்துக்காகப் பிறந்த பொருள் அறுபது ஆண்டு கழித்து அதே விமானத்தில் சாதாரணப் பயணியின் கழுத்துக்கு வந்திருக்கிறது. அதை நான் மெச்சுகிறேன். ஒன்று மட்டும் பார்க்க வேண்டும். மெமரி ஃபோமிலும் அடர்த்தி குறைந்தது உண்டு. விரலால் அழுத்தினால் அடிவரை சட்டென்று போய்விடுவது உதவாது. நம் ஊர் வேக்காட்டில் கழுத்தைச் சுற்றி வேர்க்கும் என்பதால் உறை கழற்றித் துவைக்கும்படி பருத்தியில் இருக்க வேண்டும். விமானத்துக்குள் குளிராகத்தான் இருக்கும், ஆனால் பஸ்ஸிலும் அதையே போட்டுக்கொள்ளப் போகிறோம்.

காற்றடைக்கும் தலையணையைச் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். மடித்தால் கைக்குட்டை அளவு என்பது பெரிய வசதி. தூக்கிச் சுமக்க முடியாதவருக்கும், போய் இறங்கியதும் ஒரு அறையில் எட்டுப் பேரோடு தங்கப் போகிற பையனுக்கும் அதுவே நல்லது. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விமானம் மேலே போனபின் உள்ளே உள்ள காற்றழுத்தம் ஆறாயிரம் எட்டாயிரம் அடி மலையுச்சியில் இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடும். தரையில் முழுக்க ஊதியிருந்தால் உள்ளே உள்ள காற்று கால் பங்குக்கு மேல் விரியப் பார்க்கும். தலையணை விறைத்துப் போய்க் கழுத்தை நெரிக்கும், சில சமயம் ஒட்டு விட்டுப்போகும். மேலே ஏறி நிலைத்த பிறகு முக்கால்வாசி ஊதிக்கொண்டால் போதும். ஊதும் வாயை மூடியிருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது சால்வை போல் கழுத்தைச் சுற்றிக்கட்டும் வகை ஒன்று வந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் உள்ளே வளைந்த சட்டம் இருக்கும், அந்தப் பக்கம் தலையைச் சாய்க்கலாம். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து தூங்கும் பழக்கமுள்ளவருக்குச் சரி. ஜன்னல் சீட்டு கிடைத்தவருக்கோ எதுவும் அவ்வளவாகத் தேவைப்படாது. விமானச் சுவரும் ஒரு மடித்த சால்வையும் போதும். இன்னொன்று: பல விமானங்களில் இருக்கையின் தலைப்பகுதியை மேலே இழுக்கலாம், அதன் இரண்டு ஓரங்களையும் உள்பக்கம் மடக்கலாம். நம்மவர்கள் அதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. யாரும் சொல்லித் தருவதும் இல்லை. ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மடங்கினால், தலையணை மெல்லியதாக இருந்தாலே போதும்.

என் மகளின் பிரசவத்துக்கு நான் புறப்பட்டபோது கடைகளில் பார்த்த எதுவும் என் கழுத்துக்குப் பொருந்தவில்லை. எல்லாம் பின்னால் தடித்தது, இல்லையென்றால் பக்கம் உயரமானது. எங்கள் வீட்டுக்கு மெத்தை தைத்துத் தருகிற அண்ணனிடம் போனேன். ஃபோம் மெத்தைகள் வந்து அவர் தொழில் பாதியாகக் குறைந்திருந்தது; கடையின் பின்பக்கம் மட்டும் தேனிப் பக்கத்திலிருந்து வந்த இலவம் பஞ்சு மூட்டை இரண்டு கிடந்தது.

"உக்காந்து தூங்கறதுக்கா டீச்சர்?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றதும் என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். முதுகைச் சுவரோடு ஒட்டி, கண்ணை மூடி, கழுத்தைத் தளரவிடச் சொன்னார். தலை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். வலப்பக்கம், கொஞ்சம் முன்னால். பிறகு டேப்பை எடுத்து என் தோளிலிருந்து காதுமடல் வரை அளந்தார். இத்தனை கடை ஏறி இறங்கியதில் யாரும் செய்யாத வேலை அது.

தடித்த துணியில், பின்பக்கம் வெறும் துணி மடிப்பாக, இரண்டு பக்கமும் உருளையாக, வலப்பக்கம் அரை அங்குலம் கூடுதலாக அவர் தைத்தார். உள்ளே இலவம் பஞ்சை, நான் அப்பத்தாவிடம் பார்த்த மாதிரியே, குச்சியால் குத்திக் குத்தித் திணித்தார். முன்னால் கட்டுவதற்கு இரண்டு நாடா. பார்வைக்கு ஒன்றுமில்லை. அதைக் கழுத்தில் மாட்டிச் சுவரில் சாய்ந்தபோது தாடை சரியாக அந்த உருளைமேல் உட்கார்ந்தது. கழுத்து தன் வேலையை விட்டுவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. "கொஞ்சம் கெட்டியா இருக்கே அண்ணே" என்றதற்கு, "ரெண்டு ராத்திரி போகட்டும், தன்னால அமரும். மொதல்லயே மெத்துனு குடுத்தா ஒரு மாசத்துல சப்பையாயிரும் டீச்சர்" என்றார்.

சிங்கப்பூரில் விமானம் மாறி, பசிபிக் கடலைத் தாண்டிப் போன அந்த நீண்ட ராத்திரியில் நான் தூங்கினேன். முழுத் தூக்கம் இல்லை. சாப்பாட்டு வண்டி வரும்போது விழித்து, மறுபடி கண் அயர்ந்து, இரண்டு மூன்று துண்டாக. ஆனால் தலை விழுந்து எழுப்பியதாக ஒருமுறையும் இல்லை. பக்கத்தில் இருந்த தஞ்சாவூர்க்கார அம்மாள், அவரும் பேரன் பிறப்புக்குத்தான் போகிறார், ராத்திரி முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கடைசி நாலு மணி நேரம் என் தலையணையை அவருக்குக் கொடுத்தேன். அவருக்கு வலப்பக்கம் கொஞ்சம் உயரமாகத்தான் இருந்தது. நாடாவைத் தளர்த்திக் கீழே இறக்கிக் கட்டிவிட்டேன். தூங்கினார்.

கைகால் நீட்டிப் படுத்துப் போன அய்யாவுக்கு ஒரு தலையணையைச் செய்ய அப்பத்தா நாலு நாள் எடுத்துக்கொண்டார்கள். உட்கார்ந்தே போகிற நமக்குத்தான் அதைவிடக் கவனம் தேவை, நாமோ கடைசி நிமிடத்தில் விமான நிலையக் கடையில் வாங்குகிறோம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வாங்கி, வீட்டில் சாய்வில்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் அதில் தூங்கிப் பார்க்கச் சொல்கிறேன். பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ள நாள் இருக்கும். கழுத்தெலும்புத் தேய்மானம், கை மரத்துப்போவது என்று ஏதாவது இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. கைக்குழந்தைகளுக்கு இந்தத் தலையணை எதுவுமே வேண்டாம். தலை முன்னால் மடங்கி மூச்சுக்கு இடைஞ்சலாகும்.

மெத்தைக்கடை அண்ணன் இப்போது கேட்பவர்களுக்குத் தைத்துக் கொடுக்கிறார். போன வாரம் ஆலங்குடியிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். மருமகளுக்கு மாசம் எட்டு, டொரண்டோ போக வேண்டும். குட்டைக் கழுத்து, தலை இடப்பக்கம் சாய்கிறது, ஃபோம் பட்டால் அரிப்பு. நான் பக்கத்தில் நின்று அளவைச் சொல்ல, அவர் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்: இடது மூணரை, வலது மூணு, பின்னாடி வெறுந்துணி, நாடா நீளம் கூட. செவ்வாய்க்கிழமைக்குள் வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையே தருகிறேன், ரெண்டு நாள் வீட்டில் சாய்ந்து பார்த்துவிட்டு எங்கே அழுத்துகிறது என்று வந்து சொல்லுங்கள், பிரித்துச் சரிபண்ணலாம் என்று அண்ணன் சொல்லி அனுப்பினார்.